மேல் கோர்ட்டுக்கு எது போகும், எது போகாது

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு 58 வயது. என் சொந்தப் பெயரில் ஒரு பலகாரக் கடை நடத்துகிறேன். கடையின் அடுப்படியைப் புதுப்பித்துக் கொடுத்த காண்ட்ராக்டர், பாக்கி 38,000 வெள்ளியைத் தரவில்லை என்று என்மேல் வழக்குப் போட்டார். புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை, எண்ணெய்ப் புகை கடைக்குள்ளேயே நிற்கிறது, அதனால்தான் பணத்தை நிறுத்தினேன் என்று சொன்னேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தோற்றுவிட்டேன். தீர்ப்பு வந்து 4 நாள் ஆகிறது. நீதிபதி சில நிமிடங்கள்தான் பேசினார். நான் சொன்ன பாதிக்கு அவர் பதிலே சொல்லவில்லை. காண்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் படங்களும் என் பழைய கைப்பேசியில் இப்போதுதான் கிடைத்தன. மேல் கோர்ட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லலாமா? எங்கள் எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் உதவுமா? அந்தக் காலத்தில் லண்டன்வரை போய் வழக்காடுவார்கள் என்று அப்பா சொல்வார். இப்போது எதுவரை போகலாம்? அப்புறம், என் தம்பி மகன் ஒரு கைகலப்பு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 வாரச் சிறைத்தண்டனை வாங்கியிருக்கிறான். அவனும் மேல்முறையீடு செய்யலாமா?"

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதையே இங்கும் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இன்று 12ஆவது நாளாக இருக்கலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் அடங்கிய அரசு நீதிமன்றங்களின் தீர்ப்பை எதிர்த்து மேலே போக 14 நாள்தான் அவகாசம். யார் யாருக்கு எவ்வளவு வழக்குச் செலவு தரவேண்டும் என்று முடிவான நாளிலிருந்து எண்ணுவதா, தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து எண்ணுவதா என்பதெல்லாம் வழக்கறிஞர் பார்க்கட்டும். நீங்கள் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்தே எண்ணுங்கள். கெடு தாண்டியபின் "எனக்குத் தெரியாது, யோசித்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்லி அவகாசம் வாங்குவது மிகவும் கஷ்டம். நல்ல காரணங்கள் கையில் இருந்தும் நாள் தவறிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேசும்போது எனக்கே மனசு கனத்துவிடும்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. மேல் கோர்ட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லலாமா?

முடியாது அக்கா. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். கீழே ஒரு ஆட்டம் தோற்றாச்சு, மேலே இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். மேல்முறையீட்டில் சாட்சிக் கூண்டில் யாரும் ஏறுவதில்லை. நீங்கள் பேசமாட்டீர்கள், காண்ட்ராக்டர் பேசமாட்டார், புகைபோக்கியைப் பார்வையிட்ட டெக்னீஷியன் வரமாட்டார். கீழே நடந்த எல்லாம் எழுத்தாக ஒரு கட்டாக மேலே போகும்: யார் என்ன சாட்சி சொன்னார்கள், என்ன ஆவணம் கொடுத்தார்கள், நீதிபதி என்ன காரணம் எழுதினார் என்பது. மேலே இருப்பவர் அந்தக் கட்டைப் படித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்: கீழே இருந்த நீதிபதி தவறு செய்தாரா?

நான் புதிதாகத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரு மேல்முறையீட்டில் பேசப் போனேன். கட்சிக்காரர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "நீங்கள் சொல்வது அந்தக் கட்டுக்குள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று மறுபடி கேட்டார். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. கட்சிக்காரர் அதை என்னிடம் சொல்லியிருந்தார், கீழே நீதிமன்றத்தில் சொல்லவில்லை. அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் மேல்முறையீடு என்று வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: எந்தப் பக்கம்?

நேரில் சாட்சியைப் பார்த்தவர், குரல் தடுமாறியதைக் கேட்டவர், கீழே இருந்த நீதிபதி. மேலே இருப்பவர் தாளை மட்டும்தான் பார்க்கிறார். அதனால் "இந்தச் சாட்சியை நம்புகிறேன், அவரை நம்பவில்லை" என்று கீழே முடிவு செய்திருந்தால், அது வெளிப்படையாகத் தவறு என்றோ ஆதாரங்களின் பாரத்துக்கு எதிராக இருக்கிறது என்றோ காட்டினால்தான் மேல் நீதிமன்றம் கைவைக்கும். சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றால் கதை வேறு. சட்டப் பிழையைத் தாளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், அதற்குச் சாட்சியின் முகம் தேவையில்லை.

உங்கள் பழைய கைப்பேசி விஷயத்துக்கு வருகிறேன். புது ஆதாரத்தை மேல்முறையீட்டில் ஏற்றுக்கொள்வதற்கு நம் நீதிமன்றங்கள் பின்பற்றுவது 1954ல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பின் அளவுகோல். அதில் மூன்று நிபந்தனைகள். அந்த ஆதாரத்தை, நியாயமான முயற்சி எடுத்திருந்தாலும் விசாரணைக்கு முன்னால் பெற்றிருக்க முடியாது என்று இருக்கவேண்டும். அது முடிவைப் பெரிதும் பாதிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நம்பத்தகுந்ததாகவும் இருக்கவேண்டும். காண்ட்ராக்டர் தாமே "மோட்டார் சின்னதாப் போயிடுச்சு, மாத்தித் தர்றேன்" என்று எழுதிய செய்தி இரண்டாவதையும் மூன்றாவதையும் நிச்சயம் தொடும். ஆனால் முதல் நிபந்தனையில்தான் உங்களுக்குச் சிக்கல். அந்தக் கைப்பேசி உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. ஒரு சார்ஜரை மாட்டிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். "தேடியிருந்தால் கிடைத்திருக்கும்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வரி சொன்னால் போதும். நம்பிக்கை கொடுத்துப் பிறகு ஏமாற்றுவதைவிட, இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

நீதிபதி சில நிமிடங்களே பேசினார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது அவமதிப்பு இல்லை. அரசு நீதிமன்றங்களில் தீர்ப்பு நாளன்று சுருக்கமாகச் சொல்வதும், யாராவது மேல்முறையீடு செய்தால் காரணங்களை விரிவாக எழுதித் தருவதும் வழக்கம். அந்த விரிவான தீர்ப்புரையைப் படித்தால்தான் உங்கள் பேச்சை அவர் விட்டுவிட்டாரா, அல்லது எடைபோட்டு ஒதுக்கினாரா என்று தெரியும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இனி எம்.பி. விஷயம். செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ எம்.பி.யைப் பார்க்கப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையில் உட்கார்ந்து, வீடமைப்புக் கழகத்துக்கும் மத்திய சேமநிதிக்கும் கடிதம் வாங்கிப் பழகியவர்கள் நாம். அதனால் கோர்ட்டுக்கும் ஒரு கடிதம் வாங்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே அது நடக்காது, நடக்கவும் கூடாது.

வீடமைப்புக் கழகம் அரசாங்கத்தின் கை. நீதிமன்றம் அப்படி இல்லை. சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆவது பிரிவு, நீதி வழங்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்திடமும், சட்டம் ஏற்படுத்தும் கீழ் நீதிமன்றங்களிடமும் இருக்கிறது என்று சொல்கிறது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும். அமைச்சரவையும் அதன்கீழ் உள்ள துறைகளும் அதை நடைமுறைப்படுத்தும். இரண்டு பேருக்கு இடையே, அல்லது ஒரு குடிமகனுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே, அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று முடிவுகட்டுவது நீதித்துறை. இந்த மூன்றாவது தூணுக்குள்ளேயே ஒரு ஏணி இருக்கிறது. தப்பு நடந்தால் அந்த ஏணியில்தான் ஏறவேண்டும். பக்கத்து வீட்டு ஏணியில் ஏறி இந்த வீட்டு மாடிக்குப் போக முடியாது.

எழுதி வைத்ததோடு விட்டுவிடவில்லை, பாதுகாப்பும் போட்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபர், பிரதமரின் ஆலோசனையோடு தாமும் உடன்பட்டு நியமிக்கிறார். நியமித்தபிறகு அவர்களை இஷ்டத்துக்கு நீக்க முடியாது. ஐந்து பேருக்குக் குறையாத ஒரு நடுவர் குழு விசாரித்துச் சொல்லவேண்டும். பதவியில் இருக்கும்போது சம்பளத்தைக் குறைக்க முடியாது. இன்னொன்று உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில்: ஒரு நீதிபதியின் நடத்தையைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசவேண்டும் என்றால்கூட, உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துத் தனித் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று 99ஆவது பிரிவு சொல்கிறது. சபைக்குள்ளேயே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ஒரு எம்.பி.யின் கடிதத்தைப் பார்த்து ஒரு நீதிபதி தீர்ப்பை மாற்றுவாரா? அப்படி மாற்றினால் நாளைக்கு அந்தக் காண்ட்ராக்டரும் அவர் தொகுதி எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கி வருவாரே அக்கா.

எம்.பி.யால் ஒன்றுமே செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. சட்டமே சரியில்லை என்று நினைத்தால் அதை மாற்றச் சொல்லி அவரிடம் கேட்கலாம், அது அவருடைய வேலை. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1988 டிசம்பரில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்கள் தொடுத்த மேல்முறையீட்டில், தடுப்புக்காவலுக்கான காரணங்களை நீதிமன்றம் ஆராயலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே, 1989 ஜனவரியில், நாடாளுமன்றம் அரசியலமைப்பையும் அந்தச் சட்டத்தையும் திருத்தி அந்த வழியை மிகவும் குறுக்கிவிட்டது. அந்தத் திருத்தம் சரியா தப்பா என்று வக்கீல்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நான் அதைச் சொல்வது, யாருக்கு எந்தக் கருவி என்று காட்டத்தான். நாடாளுமன்றத்தின் கருவி சட்டம், நீதிமன்றத்தின் கருவி தீர்ப்பு. கடிதம் இரண்டிலும் சேராது.

அந்த ஏணி எப்படி இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன், உங்கள் வழக்கை வைத்தே.

உங்கள் வழக்கு நடந்தது ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கிற அரசு நீதிமன்றங்களின் கோபுரத்தில். 2014 மார்ச்வரை அவற்றுக்குச் 'சார்நிலை நீதிமன்றங்கள்' என்று பெயர். பொதுவாக 60,000 வெள்ளிவரை உள்ள சிவில் வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், 250,000 வெள்ளிவரை மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகும். இந்த இரண்டிலிருந்தும் மேல்முறையீடு போவது உயர் நீதிமன்றத்தின் பொதுப் பிரிவுக்கு, வழக்கமாக ஒரே நீதிபதி முன்னால். ஆனால் தகராறில் உள்ள தொகை 60,000 வெள்ளியைத் தாண்டினால்தான் மேல்முறையீடு உரிமையாகக் கிடைக்கும். உங்களுடையது 38,000. ஆகவே, மேல்முறையீடு செய்யலாமா என்று முதலில் அனுமதி கேட்கவேண்டும். முதலில் கீழ் நீதிமன்றத்திலேயே கேட்பது, அங்கே மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் கேட்பது. இந்த 14 நாள் கெடு அந்த அனுமதி மனுவுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

அனுமதி எப்போது கிடைக்கும்? 1997ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று வழிகளைச் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தாலே ஒரு பிழை தெரியவேண்டும். அல்லது, ஒரு பொதுவான சட்டக் கோட்பாடு முதல்முறையாக முடிவாகியிருக்கவேண்டும். அல்லது, மேல் நீதிமன்றம் ஒரு முடிவு சொன்னால் பொதுமக்களுக்கு நன்மை என்கிற அளவுக்கு முக்கியமான கேள்வியாக இருக்கவேண்டும். "என் பேச்சை நம்பாமல் அவர் பேச்சை நம்பிவிட்டார்" என்பது இந்த மூன்றிலும் அடங்காது. "ஒப்பந்தத்தில் வேலை முடிந்து சோதித்துக் காட்டியபிறகுதான் கடைசித் தவணை என்று எழுதியிருக்கிறது, அந்த விதியை நீதிபதி கண்டுகொள்ளவே இல்லை" என்று இருந்தால், அது வேறு. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த இடத்தைப் பாருங்கள். என் கண்ணுக்கு உங்கள் வழக்கில் உயிர் இருக்கக்கூடிய இடம் அதுதான், கைப்பேசி இல்லை.

ஏன் இப்படி வாசலில் ஒரு காவல் போட்டிருக்கிறார்கள் என்று கோபம் வரலாம். 38,000 வெள்ளி வழக்குக்கு இரண்டு தரப்பும் மேலே மேலே போய், வக்கீல் செலவு அந்தத் தொகையையே தாண்டிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தவருக்கும் அதில் சந்தோஷமில்லை. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் இந்தக் காவல் இன்னும் இறுக்கம். அங்கே 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை, வக்கீல் இல்லாமல் பேசலாம். ஆனால் அந்த முடிவை எதிர்த்துப் போக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதுவும் சட்டக் கேள்விக்கோ மன்றத்தின் அதிகார வரம்பைப் பற்றிய கேள்விக்கோ மட்டும்.

பொதுப் பிரிவுக்கு மேலே இரண்டு படிகள் இருக்கின்றன. முன்பு ஒரே படிதான். உயர் நீதிமன்றத்திலிருந்து நேரே மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே வேலை குவிந்து, வழக்குகளும் சிக்கலாகிக்கொண்டே போனதால், 2021 ஜனவரி 2 முதல் உயர் நீதிமன்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: பொதுப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு. பெயர்கள் குழப்பும், எனக்கே ஆரம்பத்தில் நாக்கு தடுமாறியது. மேல்முறையீட்டுப் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குள் இருக்கிறது. அதற்கும் மேலே, நாட்டின் கடைசி நீதிமன்றமாக, மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சேர்ந்ததுதான் உச்ச நீதிமன்றம். பொதுப் பிரிவில் தொடங்கிய பெரும்பாலான சிவில் வழக்குகளின் மேல்முறையீடு இப்போது மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகிறது. அரசியலமைப்பு, அரசாங்க முடிவுகளை எதிர்க்கும் வழக்கு, மத்தியஸ்தச் சட்டம், காப்புரிமை போன்றவை மட்டும் நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. குற்ற வழக்குகளில் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு வேலையே இல்லை. உயர் நீதிமன்றத்தில் விசாரித்த குற்ற வழக்கு நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகும். மரண தண்டனை என்றால், தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் அந்த நீதிமன்றம் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கிப் போனால், கட்டடத்தின் உச்சியில் பறக்கும் தட்டு மாதிரி ஒன்று தெரியுமே, அங்கேதான் மேல்முறையீட்டு நீதிமன்றம் உட்காருகிறது. சாதாரணமாக மூன்று நீதிபதிகள், மிக முக்கியமான வழக்கில் ஐந்து பேர். இப்போது அதற்குத் தலைமை தாங்குபவர் 2012 முதல் தலைமை நீதிபதியாக இருக்கும் சுந்தரேஷ் மேனன். அங்கே சொல்லும் சட்டம் கீழே உள்ள அத்தனை நீதிமன்றங்களையும் கட்டும். அதனால் அங்கே போகிற ஒரு வழக்கின் முடிவு, அந்த இரண்டு பேரோடு நிற்பதில்லை. அடுத்த 20 வருஷத்துக்கு எங்கள் வாதங்களில் அது வந்துகொண்டே இருக்கும். உங்கள் வழக்கு அங்கே போகாது அக்கா. பொதுப் பிரிவில் தோற்றபின் இன்னும் ஒரு படி ஏறவும் அனுமதி வேண்டும், அது அபூர்வம். உங்களுக்கு நடைமுறையில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இவ்வளவு தடை சொல்கிறாயே, மேல்முறையீட்டால் யாருக்காவது பயன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன். 2019 மார்ச்சில், பெரும் பதவியில் இருந்த ஒருவரின் குடும்பத்தாரிடம் 34,000 வெள்ளிக்கும் மேற்பட்ட பொருள்களைத் திருடியதாக ஒரு இந்தோனேசியப் பணிப்பெண் மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது, 26 மாதச் சிறை. நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அவருடைய வக்கீல் காசு வாங்காமல் வாதாடினார். 2020 செப்டம்பர் 4ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஓன் அவரை விடுவித்தார்.

அந்தத் தீர்ப்பில் ஒரு டிவிடி பிளேயர் வரும். பழுதான பொருள், வேண்டாம் என்று ஒதுக்கியது என்று அந்தப் பெண் சொன்னார். விசாரணையில் அது ஓடுவதாகக் காட்டப்பட்டது. ஆனால் அதில் ஓடியது உள்ளே பதிவாகியிருந்த படம். டிவிடியைப் போட்டால் சரியாக ஓடாது என்பது மேல்முறையீட்டில் வெளியே வந்தது. பொருள்கள் அந்தப் பெண்ணின் பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டதற்கும் போலிஸ் கைப்பற்றியதற்கும் நடுவே பல வாரங்கள் அவை யார் கையில், எப்படி இருந்தன என்பதையும் நீதிபதி கேட்டார். அந்தப் பெண்ணின் மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவரிடம் வாக்குமூலம் எடுத்ததையும் பார்த்தார். இந்தக் கடைசி விஷயம் நம் ஆட்களும் மனதில் வைக்கவேண்டியது: வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள், மேல் நீதிமன்றம் அந்தப் பெண்ணை மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை. அவருடைய வக்கீல் கீழே கேட்ட கேள்விகள், வாங்கிய பதில்கள், காட்டிய பொருள்கள் எல்லாம் அந்தக் கட்டுக்குள் இருந்தன. "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் பக்கம் இருந்தது.

உங்கள் அப்பா சொன்ன லண்டன் கதை உண்மைதான். காலனிக் காலத்திலிருந்து நமக்குக் கடைசி நீதிமன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு. அதைவிட வியப்பு ஒன்று சொல்கிறேன்: 1965ல் தனி நாடானபிறகும் சில வருஷம் நம் மேல்முறையீடுகள் மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றத்துக்குத்தான் போயின. 1969ல் நம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியபிறகுதான் நமக்கென்று உச்ச நீதிமன்றம் முறையாக அமைந்தது. அதன்பிறகும் லண்டன் வழி திறந்தே இருந்தது. 1989ல் அதை மிகவும் குறுக்கினார்கள், 1993ல் இங்கே நிரந்தரமான ஒரே மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அமைத்தார்கள், 1994 ஏப்ரல் 8ஆம் தேதி லண்டன் கதவை அடைத்தார்கள். அதே வருஷம் ஜூலையில், பழைய பிரிவி கவுன்சில் தீர்ப்புகளும் தன்னுடைய பழைய தீர்ப்புகளும் இனித் தன்னை எப்போதும் கட்டாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவித்தது. அப்பா இருந்தால் சொல்லுங்கள், அவர் காலத்தில் கப்பல் ஏறிய கட்டு இப்போது சிட்டி ஹாலோடு நின்றுவிடுகிறது.

தம்பி மகன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவனுக்கும் 14 நாள்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் "நான் செய்யவில்லை" என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் பற்றித்தான் கேட்கலாம். அந்த மாதிரிக் குற்றத்துக்கு மற்றவர்களுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் வெளிப்படையாக அதிகம் என்று காட்டவேண்டும். கொஞ்சம் கூட என்று தோன்றுவது போதாது. இதை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மேல் நீதிமன்றத்துக்குத் தண்டனையைக் குறைக்க அதிகாரம் இருப்பது போலவே கூட்டவும் அதிகாரம் இருக்கிறது. அரசுத் தரப்பும் எதிர் மேல்முறையீடு செய்யலாம். 4 வாரத்தைக் குறைக்கப் போய் 8 வாரத்தோடு திரும்பினால் வீட்டில் யாருக்கும் தாங்காது. மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை நிற்காது. அதுவரை வெளியே இருக்க நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்கவேண்டும். அவன் உண்மையிலேயே அடிக்கவில்லை, பயந்துபோய் ஒப்புக்கொண்டான் என்றால் அது வேறு வழி, அரிதான வழி. அதற்கு உடனே குற்றவியல் வழக்கறிஞரைப் பார்க்கவேண்டும். கையில் பணம் இல்லை என்றால், வருமானத் தகுதியைப் பொறுத்து, 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்கும் அதேதான்: மேல்முறையீடு போட்டதாலேயே காண்ட்ராக்டர் பணம் வசூலிப்பதை நிறுத்தவேண்டியதில்லை. நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். தோற்றால் அவருடைய வக்கீல் செலவில் ஒரு பகுதியும் உங்கள் தலையில் விழும். அதே புகைபோக்கியை வைத்துப் புதிதாக ஒரு வழக்குப் போடலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். ஒருமுறை தீர்ந்த தகராறை வேறு பெயரில் திரும்ப எழுப்ப நீதிமன்றம் விடாது. வட்டியும் செலவும் ஏறுவதற்குள் அவரிடம் தவணை பேசிப் பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்திகள் நீதிமன்றத்தில் பயன்படாவிட்டாலும், அந்தப் பேச்சுவார்த்தையில் பயன்படலாம். மோட்டாரை மாற்றித் தருகிறேன் என்று எழுதியவர் அவர்தான் என்பது அவருக்கும் தெரியும்.

கடை உங்கள் சொந்தப் பெயரில் இருப்பதால் நீங்களே வாதாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அனுமதி மனுவை மட்டுமாவது ஒரு வக்கீல் பார்க்கட்டும். வருமானம் குறைவு என்றால் சட்ட அமைச்சின் லீகல் எய்ட் பீரோவில் விண்ணப்பிக்கலாம். வக்கீல் இல்லாமல் வருகிறவர்களுக்கு உதவ அரசு நீதிமன்றங்களிலேயே கம்யூனிட்டி ஜஸ்டிஸ் சென்டர் இருக்கிறது. யாரிடம் போனாலும் கையில் எடுத்துப் போகவேண்டியவை இவை: தீர்ப்புத் தேதி தெரியும் தாள், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இரண்டு தரப்பும் தாக்கல் செய்த பத்திரங்கள், நீதிபதி பேசியதில் உங்களுக்கு நினைவிருப்பதை எழுதிய ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை இன்றைக்கே எழுதிவிடுங்கள். அப்புறம் அந்தப் பழைய கைப்பேசி, அதில் ஒரு செய்தியைக்கூட அழிக்காமல், சார்ஜரோடு.